சிவந்தி வயிற்றுக் குடித்தனம்

சிவந்திக்கு மாத்திரை விழுங்க வராது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இது ஒரு குறையா என்று கேட்கலாம். காசிமேட்டில் மீன் வெட்டும் வரிசையில் அது குறைதான். அங்கே அருவாமணை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் வெற்றிலை போடுவது போல மாத்திரை போடுவார்கள். தலைவலியா, இடுப்புப் பிடிப்பா, ஜல்பா, எதுவானாலும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓர் ஆளை அனுப்பி ‘ஒரு செட்டு’ வாங்கி வரச் சொல்வார்கள். கடைக்காரர் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இரண்டு நிறக் கேப்சூல் ஒன்று என்று கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். எது எதற்கு என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. டீயில் முக்கிய பன்னோடு உள்ளே போய்விடும்.

சிவந்திக்கு மட்டும் அது நடக்காது. ஆறு வயதில் மலேரியாவுக்குக் கார்ப்பரேஷன்காரர்கள் கொடுத்த கசப்பு மாத்திரை தொண்டையில் குறுக்கே நின்று, கண் செருகி, தெருவே கூடி முதுகில் குத்தி வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து மாத்திரையைப் பார்த்தாலே தொண்டை இறுகிவிடும். காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். போனால் போகும், போகாவிட்டால் இன்னொரு நாள் படுப்பாள்.

ஆனால் அவள் சாப்பிடுகிற அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் வேண்டும். விடிகாலை ஏலம் முடிந்து, ஆட்டோவும் வேனும் கிளம்பி, கூட்டம் அடங்கும் ஒன்பது மணிக்குக் கையைக் கழுவிவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறப்பாள். நேற்று வைத்த குழம்பும் சோறும் அதில் இருக்கும். பக்கத்து அருவாமணை ஜஸீமா கொண்டுவந்த கீரை, எதிர்க் கடை கிழங்கு, எவள் எதை நீட்டினாலும் வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது. “உனுக்கு வயிறா, ஐஸ் பொட்டியாக்கா?” என்பாள் ஜஸீமா. புருஷன் அப்பாவு விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. பிள்ளை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சிரித்துப் பேச அந்த வரிசைதான் அவளுக்கு.

சிவந்திக்கு ஒரே ஒரு தங்கை, மலர்க்கொடி. திருவொற்றியூரில் டில்லிபாபு என்கிற, மணலியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் மனிதருக்குக் கட்டிக்கொடுத்தது. நல்ல மனிதர், ஆனால் வீடு சைவம். காசிமேட்டில் பிறந்து நெத்திலி வாசனையில் வளர்ந்த மலர்க்கொடி, தாலி ஏறிய மறுநாளிலிருந்து மீனைத் தொடவில்லை. பேச்சையும் மாற்றிக்கொண்டாள். ‘கீது’ போய் ‘இருக்கு’ வந்தது, ‘வூடு’ போய் ‘வீடு’ வந்தது.

அதெல்லாம் சிவந்தியை உறுத்தவில்லை. உறுத்தியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தங்கை புது வீடு கட்டிக் குடி போனாள். விசேஷம் முடிந்த மறுநாள், தங்கைக்கு என்று ஆசையாக ஒரு தூக்கு நிறைய வஞ்சிரக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனாள் சிவந்தி. தப்புத்தான், சைவ வீட்டுக்கு யாராவது மீன் குழம்பு கொண்டுபோவார்களா? ஆனால் ஆசை அதையெல்லாம் யோசிக்காது. கேட்டிலேயே நிறுத்தி, மாமியார் காதில் விழுகிற மாதிரி மலர்க்கொடி சொன்னாள்: “உள்ள எடுத்துட்டு வராதக்கா. நாறுது.” சொன்னதோடு நிற்கவில்லை. வாங்கி, அக்கா கண் முன்னாலேயே சாக்கடையில் சாய்த்தாள். சிவந்தி காலித் தூக்கோடு பஸ் ஏறினாள். அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை, தங்கையும் இந்தப் பக்கம் வரவில்லை.

மலர்க்கொடி கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற அநியாயம் கெட்டவர்கள் செய்வதைவிட அதிகமாக வலிக்கும். சிவந்திக்கு வலித்தது.

இந்த ஆடி மாதம் ஒருநாள் காலை, மீன் கழுவிய தண்ணீரில் நனையாமல் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். மலர்க்கொடியின் மகள் மாயா. பதினோரு வயதில் பார்த்தது, இப்போது காலேஜ் முடித்தவள். “பெரியம்மா” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜஸீமா தன் பலகையை நகர்த்திக் கொடுத்து அவளைக் குந்த வைத்தாள். விஷயம் துண்டு துண்டாக வந்தது. மலர்க்கொடிக்குப் போன வருஷம் நீர்க்கடுப்பு. மெடிக்கல் ஷாப் செட்டு. போகவில்லை, இன்னொரு செட்டு. அப்புறம் பல்வலிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று. கடைசியில் வயிறு பிடுங்கிக்கொண்டது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நிற்கும், வீட்டுக்கு வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது.

“இப்ப சாப்பாட்டைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாங்க பெரியம்மா. பசியே இல்லையாம். செவுத்தைப் பாத்து உக்காந்துகிட்டு சும்மாவே அழறாங்க. முப்பத்தாறு கிலோதான் இருக்காங்க.”

சிவந்தியின் கையில் இருந்த சங்கரா மீன் வழுக்கிக் கீழே விழுந்தது. “இத்த ஏன் இத்தினி நாளு சொல்லல?” என்றாள். மாயா தயங்கித் தயங்கி, தான் எதைக் கேட்க வந்தாளோ அதைக் கேட்டாள். அம்மாவின் குடலில் நல்ல கிருமிகள் செத்துப்போய்விட்டன. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வாங்கி, சுத்தம் செய்து, குழாய் வழியாக அம்மாவின் குடலில் வைக்க வேண்டும். கொடுப்பவர் ஆறு மாதமாக ஆன்டிபயாட்டிக் வகைக் கேப்சூல் எதுவும் போட்டிருக்கக் கூடாது. அப்பா போட்டிருக்கிறார். மாயா முகப்பருவுக்குப் போட்டிருக்கிறாள். சித்தப்பா வீட்டில், பக்கத்து வீட்டில், தெரு முழுக்க விசாரித்தாயிற்று. செட்டு போடாத ஓர் ஆள் அகப்படவில்லை.

“நீங்க மாத்திரையே முழுங்க மாட்டீங்கன்னு அம்மா எப்பவோ சொன்னாங்க.”

சிவந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். வரிசையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சிரிப்பு பாதியில் நின்று கோபமாக மாறியது.

“எங் கொழம்பு நாறுச்சாம், கேட்டுக்குள்ள வரக்கூடாதாம். இப்ப எம் பீ மட்டும் மணக்குதா உங்கம்மாவுக்கு?”

ஜஸீமாதான், செதில் தேய்த்துக்கொண்டே, “ஒம்போது வருசமா வெச்சிகினு கீறியே இந்தக் கோவம், அத்த இன்னும் நாலு மாசம் வெய்யி. அப்பால சொல்றதுக்கு ஆளு இருக்காது” என்றாள். சிவந்தி அருவாமணையை மடக்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மலர்க்கொடிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் தாஹிராவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கடைசியாக எப்போது ஆன்டிபயாட்டிக் போட்டீர்கள் என்று கேட்டார். “ஒண்ணாங்கிளாசுல ஒண்ணு தொண்டையில நின்னுது டாக்டரம்மா, அது அந்த வகையான்னு தெர்ல” என்றாள் சிவந்தி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

“ஏம் டாக்டரம்மா, அவளுக்கு வயித்துல கோளாறு, சரி. அளுவறாளாமே, அது இன்னாத்துக்கு?”

“நம்ம குடல்ல கோடிக்கணக்கான கிருமிங்க குடித்தனம் இருக்கும்மா. நாம சாப்பிடறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. வயித்துலேர்ந்து மூளைக்கு ஒரு நீளமான நரம்பு போகுது. அதுங்க உண்டாக்கற பொருளெல்லாம் ரத்தத்துலயும் கலந்து போகுது. பசிக்குது, போதும், மனசு நல்லா இருக்கு, நல்லா இல்ல, இந்தச் சேதியெல்லாம் மூளைக்குப் போறதுல அதுங்களுக்கும் ஒரு கை இருக்கு. எவ்வளவு பெரிய கைன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க தங்கச்சி போட்ட மாத்திரைங்க நல்ல குடித்தனக்காரங்களையும் காலி பண்ணிடுச்சு. காலி வீட்டுல ஒரு ரவுடி பூந்துக்கிட்டான். எத்தனை தடவை வெளிய தள்ளினாலும் திரும்ப வரான்.”

“அப்ப எங்கிட்டருந்து நல்ல ஜனங்க நாலு பேர அனுப்பி அவன வெரட்டணும்ன்றீங்க.”

“அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

ரத்தம் எடுத்தார்கள், அதை எடுத்தார்கள், இதை எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து எல்லாம் சரி என்று கூப்பிட்டார்கள். குறித்த நாள் காலை ஏழு மணிக்கே சிவந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். வாழ்நாளில் ஒரு நாள் தவறாத சமாச்சாரம், அன்றைக்கு என்று வரமாட்டேன் என்றது. கூச்சம். வெளியே நர்சு, டாக்டர், மாயா என்று இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே போதும். வராந்தாவில் நடந்தாள். டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். “ஏலத்துல வெலை வராதப்போ நின்னுகினு இருக்கற மாரி கீது” என்று மாயாவிடம் முணுமுணுத்தாள். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கல்யாணத் தட்டு நீட்டுவது போல டப்பாவை இரண்டு கையாலும் நர்சிடம் நீட்டினாள். அந்த நர்சு சிரிக்காமல் வாங்கிக்கொண்டது பெரிய விஷயம்.

தங்கையை அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது பார்த்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அல்லது மூடிக்கொண்டாள். சிவந்தி நேராகக் காசிமேட்டுக்குப் போய், மிச்சம் இருந்த மீனை வெட்டினாள்.

ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பத்தாம் நாள் மலர்க்கொடி இன்னொரு இட்லி கேட்டாள். சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் ஒருநாள், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவள் புருஷனை நிமிர்ந்து பார்த்து, “நெத்திலி கெடைக்குமா?” என்றாள். டில்லிபாபு கையில் இருந்த டம்ளரை நழுவவிட்டார்.

மாயா போனில் இதைச் சொன்னபோது சிவந்தி போட்ட சத்தம் ஐஸ் வண்டிக்காரனுக்கும் கேட்டது. “அது அவ கேக்கலடி, எங் கும்பலு கேக்குது! நெத்திலி இல்லாம அதுங்களுக்கு ஆவாது!” மாயா டாக்டரைக் கேட்டாள். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது, வயிறு தேறினால் பழைய ஆசை தானாகவும் வரும் என்றார் டாக்டர். சிவந்தி அதைக் காதில் வாங்கினால்தானே. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் தலை கிள்ளிக் குடல் எடுத்த நெத்திலி, மாயாவின் டிபன் டப்பாவில் திருவொற்றியூருக்குப் போயிற்று. டப்பா மட்டும் போனது, வந்தது. அக்கா போகவில்லை, தங்கை வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று அவளுக்கு. கூப்பிடாமல் எப்படிப் போவது என்று இவளுக்கு.

புரட்டாசி பிறந்து மீன் வியாபாரம் கொஞ்சம் மந்தமான ஒரு காலையில், கூடையில் கிடந்த கெளுத்தியின் முள் சிவந்தியின் வலது உள்ளங்கையில் ஏறியது. இது புதிதில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு, வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் கை வீங்கியது. அதற்கு மறுநாள் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பாவு கடலில் இருந்தான். ஜஸீமா அவளை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் கேப்சூல் எழுதி, உடனே ஆரம்பி, நாளைக்குள் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்தே ஆக வேண்டும் என்றார்.

சிவந்தி ஒன்றே ஒன்று கேட்டாள். “இந்த மருந்து வயித்துல கீறதையும் கொல்லுமா?”

“கொஞ்சம் கொல்லும், அதைப் பாத்தா முடியுமா” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவள் கேப்சூல் அட்டையைத் தொடவில்லை. தொண்டை பயம் என்று ஜஸீமா நினைத்தாள். சர்க்கரைப் பாகில் கரைத்துத் தருகிறேன் என்றாள். சிவந்தி தலையை ஆட்டினாள்.

“இங்க கீறதுங்களும் அங்க கீறதுங்களும் ஒரே வூட்டு ஜனங்க ஜஸீமா. இங்க சாவு வுழுந்தா அங்க அடுப்பு எரியுமா? பங்காளி செத்தா எவனாச்சும் துன்னுவானா? இப்பத்தான் ரெண்டு வாய் துன்றா அவ.”

சிரிப்பதானால் சிரிக்கலாம். ஆனால் அவள் பிறந்து வளர்ந்த தெருவில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் மட்டுமா அடுப்பு அணையும்? பங்காளி வீடு அத்தனையிலும் அணையும். குடித்தனம் என்று டாக்டர் சொன்னபோதே அவள் முடிவு பண்ணிவிட்டாள், குடித்தனக்காரர்களுக்குத் துக்கமும் உண்டு என்று. தன் கை போனாலும் போகட்டும், தங்கை வயிற்றில் துக்கம் காக்கக் கூடாது. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் ஒரு படி ஏறாமல் இருந்தாள். என்ன ஜென்மமோ.

ஜஸீமா வெளியே வந்து மாயாவுக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது மாயா இல்லை, மலர்க்கொடி. புடவை உடம்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைப்பு. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு குனிந்து உள்ளே வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் வீங்கிய கையைத் தொடாமல் பார்த்தாள்.

“அக்கா, தாஹிரா டாக்டர்கிட்டப் பேசிட்டேன். என் வயித்துல இருக்கறதுங்க அங்கயே குடும்பம் பெருகிடுச்சாம். உன்னோடதுக்கு என்ன ஆச்சுன்னு அதுங்களுக்குத் தெரியவே தெரியாதாம். மொத மாத்திரையைப் போட்டு உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“டாக்டருக்கு இன்னா தெரியும் நம்ம ஜாதகம். நீ கெளம்பு.”

“ஆட்டோ நிக்குதுக்கா.”

“நிக்கட்டும். மருந்து போட்டா எல்லாம் பூடும்டி. அப்பால நீ மறுபடி செவுத்தப் பாத்துகினு குந்துவ. நான் பாத்தேன் உன்ன, அந்தப் போர்வைக்குள்ள. போதும் சாமி.”

மலர்க்கொடிக்கு அழுகை வந்தது. சும்மா வருகிற பழைய அழுகை இல்லை, இது காரணத்தோடு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாகத் திருவொற்றியூரில் பேசாத பாஷை அவள் வாயிலிருந்து தெறித்தது.

“இன்னாக்கா ரோதனை பண்ற? செத்தா சாவட்டும் உன்னுது! எங்கிட்டதான் கீதே, ஒரு வூடு நெறைய! எத்தினி வேணும் உனுக்கு? நான் திருப்பிக் குடுக்கறேன், ரெண்டு கையாலயும் குடுக்கறேன். நீ இருந்தாதானே வாங்கிக்குவ?”

இதைச் சிவந்தி யோசிக்கவே இல்லை. கொடுத்தது திரும்பி வரும் என்கிற கணக்கு அவள் புத்தியில் என்றைக்குமே இருந்ததில்லை. காய்ச்சலில் காய்ந்த உதடு கோணி, மெல்லச் சிரிப்பு வந்தது.

“தொண்டையில நிக்கும்டி.”

“முள்ளு மாட்டினா அம்மா இன்னா பண்ணும்?”

மலர்க்கொடி தூக்கைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பும் சோறும். திருவொற்றியூர்ச் சமையலறையில், சைவப் பாத்திரத்தில், அவளே வைத்தது. சோற்றைப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் கேப்சூலைப் புதைத்து, முள் இறக்குவதற்குக் கொடுக்கிற உருண்டை மாதிரி அக்காவின் வாயில் வைத்தாள். “மெல்லாத, முழுங்கு.” சிவந்தி கண்ணை இறுக்கி மூடினாள். ஜஸீமா வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உருண்டை இறங்கியது.

“புளி ஜாஸ்தி” என்றாள் சிவந்தி, கண்ணைத் திறந்து.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக இருக்கும்படி ஆட்டோக்காரனிடம் சொல்லப் போனாள் ஜஸீமா. அதற்குள் மலர்க்கொடி அக்காவுக்கு இன்னும் இரண்டு வாய் ஊட்டினாள். அதே தூக்கிலிருந்து, அதே கையால், தனக்கும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். குழம்பு முகவாயில் வழிந்தது.

“நாறுதா?” என்று கேட்டாள் சிவந்தி.

“நாறுதுக்கா” என்றாள் மலர்க்கொடி, வாய் நிறையச் சோற்றோடு அழுதுகொண்டே. அடுத்த வாய்க்குக் கையை விட்டாள்.